வீட்டுப் பட்டறையில் கார் பாகங்களுக்குப் பவுடர் கோட்டிங்

பழைய காரைப் பிரித்து வேலை பார்க்கிற எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும். பேட்டரி ட்ரே, இஞ்சின் மவுண்டிங் பிராக்கெட், ரேடியேட்டர் ஃபேன் கூண்டு, டாப்பெட் கவர், பானெட் கம்பி என்று ஒரு குவியல் தரையில் கிடக்கிறது, இதற்கெல்லாம் என்ன பூசுவது? ஸ்ப்ரே டப்பா அடித்தால் கொஞ்ச நாளில் ஓரம் உரியும், பிரேக் ஆயில் ஒரு சொட்டு விழுந்தால் அந்த இடம் அதோடு போச்சு. இதற்கு நல்ல மாற்று பவுடர் கோட்டிங். சென்னை அம்பத்தூரிலோ கோவை குறிச்சி சிட்கோவிலோ உள்ள ஜாப் ஒர்க் பட்டறையில் கொடுக்கலாம்தான். ஆனால் அவர்களுக்குப் பிழைப்பு கேட், கிரில், பீரோ. உங்களுடைய நாலு சின்ன பிராக்கெட்டுக்காக யாரும் மரையை அடைத்துக்கொண்டு உட்காரமாட்டார்கள், வருகிற கலரும் அன்றைக்குப் பொடி அடிக்கும் கன்னில் என்ன ஓடுகிறதோ அதுதான். அதனால் சின்ன சாமான்களை வீட்டிலேயே செய்துகொள்வதில் அர்த்தம் இருக்கிறது. பெரியதை, உதாரணத்துக்கு இஞ்சினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சப்-ஃப்ரேம் போன்றதை, வீட்டில் செய்ய நினைப்பதில் அர்த்தம் இல்லை.

விஷயம் இவ்வளவுதான்: உலர்ந்த பிளாஸ்டிக் பொடிக்கு கன் மின்னேற்றம் கொடுக்கிறது, எர்த் செய்யப்பட்ட உலோகத்தில் பொடி போய் ஒட்டுகிறது, ஓவனில் வைத்தால் உருகி ஓடி, பிறகு வேதியியல் ரீதியாக ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடுகிறது. தின்னர் கிடையாது, காயவைக்கிற வேலை கிடையாது. எல்லாரும் எந்த கன் வாங்குவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கோட்டிங் நிற்பதும் உரிவதும் கன்னால் முடிவாவது ரொம்பக் குறைவு, உலோகம் எவ்வளவு சுத்தமாக இருந்தது, உலோகம் உண்மையில் எவ்வளவு சூடானது, இந்த இரண்டால்தான் முடிவாகிறது. கீழே நான் எந்த இடத்தில் அதிக நேரம் நிற்கிறேன் என்பதற்கும் காரணம் அதுதான்.

எதைப் போடலாம், எதைத் தொடக்கூடாது

சாமான் 200 டிகிரி செல்சியஸ் வரை போகும். அதைத் தாங்காத எதுவும் ஓவனுக்குள் போகக்கூடாது. ரப்பர் புஷ், ஆயில் சீல், கிரீஸ் அடைத்த பேரிங், பால் ஜாயிண்ட் எல்லாவற்றையும் பிரஸ்ஸில் வைத்துக் கழற்றிய பிறகுதான் சஸ்பென்ஷனின் கன்ட்ரோல் ஆர்மைப் பற்றிப் பேச வேண்டும். ஷாக் அப்சார்பர் வேண்டவே வேண்டாம், மூடிய குழாய்க்குள் எண்ணெயும் அழுத்தமான காற்றும் இருக்கிறது, சூடேறினால் வெடிக்கும். பெட்ரோல் டேங்க்கும் அப்படியே, எத்தனை முறை கழுவியிருந்தாலும்.

பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டரை அழகாகக் கருப்பாக்கலாம் என்று பலருக்குத் தோன்றும். அதன் இணைப்புகள் எல்லாம் ஈயப் பற்றுவைப்பு. ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தக் கலவை 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும், ஓவனில் இருந்து எடுக்கும்போது டேங்க் ஒரு பக்கம் கோர் ஒரு பக்கம். பல கார்புரேட்டர்களின் உடம்பு துத்தநாக வார்ப்பு, சூட்டில் கொப்புளம் போடும். கால்வனைஸ் செய்த பாகங்களிலும் இந்தத் தொல்லை உண்டு. பட்டி போட்டு ஒட்டிய இடங்களும் சூட்டில் ஊதும், தவிர பட்டியில் மின்சாரம் பாயாததால் பொடியும் சரியாகப் பிடிக்காது. சைலன்சர், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குச் சாதாரணப் பொடி தாங்காது, அதற்குச் சிலிக்கோன் அடிப்படையிலான தனிப் பொடி இருக்கிறது, முதல் வேலையாக அதைத் தொட வேண்டாம்.

அலாய் வீல் பற்றிக் கேட்காத ஆளே இல்லை. வார்ப்பு அலாய் வீலின் அலுமினியத்தைத் தொழிற்சாலையில் சுமார் 150 முதல் 170 டிகிரி சூட்டில் பதப்படுத்தி வலுவேற்றியிருப்பார்கள். அதைத் தாண்டிய சூட்டில் நீண்ட நேரம் வைத்தால் அந்த வலு குறையும். செய்கிறவர்கள் இருக்கிறார்கள், சூட்டையும் நேரத்தையும் துல்லியமாகக் கட்டுப்படுத்துகிறவர்கள். சமையல் ஓவனை மாற்றி வேலை பார்க்கிற வீட்டுப் பட்டறையில் அதைச் செய்யக்கூடாது என்பது என் கருத்து. வீல் உடைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிரேக் காலிப்பரும் கொஞ்சம் கை பழகிய பிறகுதான், பிஸ்டன், சீல் எல்லாம் கழற்றி, பிஸ்டன் துளையை முழுக்க அடைத்துவிட்டுச் செய்ய வேண்டியது.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது பேட்டரி ட்ரே. தகடு, சின்னது, கெட்டுப்போனாலும் வண்டி ஓடும், பலனும் கண்ணுக்குத் தெரியும்.

ஓவன்

சிறிய பாகங்களுக்குப் பழைய ஓ.டி.ஜி. (கேக் சுடுகிற சின்ன மின்சார ஓவன்) போதும். நாற்பது, அறுபது லிட்டர் அளவில், 250 டிகிரி வரை போகும் என்று டயலில் போட்டிருக்கும், செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கும். ஒன்று மட்டும் உறுதி: ஒரு முறை பவுடர் சுட்ட ஓவனில் பிறகு எந்தக் காலத்திலும் சாப்பாடு செய்யக்கூடாது. அதைச் சமையலறையில் இருந்து வெளியே எடுத்துவிட்டு, மேலே பெயிண்ட் மார்க்கரால் பெரிதாக எழுதியும் வையுங்கள், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் யாராவது கேக் செய்யலாம் என்று எடுத்துவிடக்கூடாது.

கேஸ் ஓவன், விறகு, தீக்கங்கு எதுவும் ஆகாது. காற்றில் மிதக்கிற பொடி தீப்பொறி பட்டால் பற்றி வெடிக்கக்கூடியது.

டயலில் காட்டும் சூட்டை நம்பாதீர்கள். ஓ.டி.ஜி. தெர்மோஸ்டாட்கள் இருபது முப்பது டிகிரி தள்ளிக் காட்டுவது சாதாரணம். ரெக்ஸ் சி-100 என்ற பெயரில் கிடைக்கும் பி.ஐ.டி. கன்ட்ரோலர் (சூட்டைச் சொன்ன அளவில் நிறுத்தும் கருவி), ஒரு எஸ்.எஸ்.ஆர். (அது சொன்னபடி எலிமென்ட்டை ஆன், ஆஃப் செய்யும் மின்னணு ரிலே), ஒரு கே டைப் தெர்மோகப்பிள் (சூட்டை உணரும் ஒயர்) வாங்கி மாட்டினால் ஓவன் சொன்ன பேச்சைக் கேட்கும். மலிவான எஸ்.எஸ்.ஆர். கெட்டுப்போகும்போது பெரும்பாலும் ஆன் நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், அதாவது கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் எலிமென்ட் சூடாகிக்கொண்டே இருக்கும். எனவே எஸ்.எஸ்.ஆருக்கு ஹீட் சிங்க் கட்டாயம், தனியாக ஒரு எம்.சி.பி. கைக்கு எட்டும் இடத்தில் கட்டாயம், ஓவன் ஓடும்போது கடைக்குப் போய்விட்டு வருகிற பழக்கம் கூடாது. ஒயரிங் தெரியாதென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.

இரண்டு கிலோவாட் ஓவன் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், 16 ஆம்பியர் பாயிண்ட்டில்தான் போட வேண்டும். அதே லைனில் கம்ப்ரஸரையும் போட்டால் கம்ப்ரஸர் கிளம்பும்போது ட்ரிப் ஆகும். வேறு பாயிண்ட், முடிந்தால் வேறு ஃபேஸ்.

இன்னும் பெரியது வேண்டும் என்கிறவர்கள் பழைய ஸ்டீல் பீரோவை வாங்கி, உள்ளே சூட்டை வெளியே விடாத ராக் வூல் வைத்து, இன்னொரு தகடு அடித்து, எலிமென்ட்டும் ஃபேனும் மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான். பீரோவின் பழைய பெயிண்டை முதலில் எரித்துவிட்டு, வெறும் ஓவனாகவே சில மணி நேரம் ஓடவிட்டு, புகை நின்ற பிறகு சாமானை வையுங்கள்.

கீழ் எலிமென்ட்டுக்கும் சாமானுக்கும் நடுவில் ஒரு தகட்டுத் தடுப்பு வையுங்கள். இல்லையென்றால் கீழ் ஓரம் மட்டும் கதிர்வீச்சுச் சூட்டில் கருகும், வெள்ளையாக இருந்தால் மஞ்சளடிக்கும்.

கன், காற்று, எர்த்

வீட்டுக்கு வாங்குகிற சின்ன கன்கள் பத்து இருபது கிலோவோல்ட் வாக்கில் வேலை செய்யும், தொழிற்சாலை கன்கள் 100 கிலோவோல்ட் வரை போகும், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கவும் முடியும். பிராக்கெட்டுக்கும் ட்ரேக்கும் சின்னதே போதும். சின்ன கன்னுக்குக் காற்று 5 முதல் 10 பி.எஸ்.ஐ. போதும், பெயிண்ட் அடிக்கிற பழக்கத்தில் நாற்பது ஐம்பது வைத்தால் ஒட்டிய பொடியை அதே காற்று அடித்துக்கொண்டு போய்விடும். கப்பில் பொடியை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், சுழல இடம் இருந்தால்தான் புகைபோலச் சீராக வரும்.

காற்றில் ஈரம் இருந்தால் கதை முடிந்தது. சென்னைக்காரர்களுக்கு, பொதுவாகக் கடலோரக்காரர்களுக்கு, இதுதான் முதல் எதிரி. கம்ப்ரஸர் டேங்க்கின் கீழ்த் திருகை வேலைக்கு முன் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள், ஐப்பசி கார்த்திகையில் எவ்வளவு வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். கம்ப்ரஸரில் இருந்து நீளமான ஹோஸ், அதன் கடைசியில், அதாவது கன்னுக்குப் பக்கத்தில், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், அதற்கும் பிறகு சிலிக்கா ஜெல் டப்பா என்ற வரிசை சரியானது. கம்ப்ரஸர் வாயிலேயே ஃபில்டரை மாட்டினால் சூடான காற்றோடு நீராவியாகத் தாண்டிப்போய், பிறகு ஹோஸில் குளிர்ந்து தண்ணீராகிறது. மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் வேலையைத் தள்ளிப்போடுவதுதான் புத்திசாலித்தனம், பொடி கட்டிதட்டி கன் துப்ப ஆரம்பிக்கும்.

எர்த். இதில்தான் பாதிப் பேருக்குப் பொடி ஒட்டாமல் போகிறது. கன் யூனிட்டில் இருந்து வரும் கிளிப்பைச் சாமானிலோ, சாமான் தொங்கும் கொக்கியிலோ உலோகத்தோடு உலோகம் படும்படி மாட்ட வேண்டும். பழைய வீடுகளில் மூன்றாவது பின் வெறும் அலங்காரமாக இருக்கும், அதைச் சோதித்துவிட்டுத்தான் கன்னைப் போட வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சாமானிலும் இன்னொன்றைக் கிளிப்பிலும் வைத்துப் பாருங்கள். தொழில் விதிமுறைப்படி ஒரு மெகா ஓமுக்குக் கீழ் இருக்க வேண்டும், வீட்டில் நல்ல தொடுகை இருந்தால் சில ஓம்தான் காட்டும். ஒரு முறை ஓவனுக்குப் போய்வந்த கொக்கியின் மேலும் கோட்டிங் ஏறியிருக்கும், அது பிளாஸ்டிக், மின்சாரம் பாயாது. அடுத்த சாமானைத் தொங்கவிடும் முன் கொக்கியின் வளைவை அரத்தால் ராவி, பளபளவென்று உலோகம் தெரிய வேண்டும். ஜி.ஐ. கம்பியை வெட்டி ஒவ்வொரு முறையும் புதுக் கொக்கி போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்தில் வரக்கூடாது.

சுத்தம்

இதற்குத்தான் நேரம் போகும், போகட்டும்.

முதலில் எண்ணெய். துருவை எடுக்கும் முன்னால் எண்ணெயை எடுக்க வேண்டும், இல்லையென்றால் பிரஷ்ஷும் உப்புத்தாளும் கிரீஸை உலோகத்தின் கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றிவிடும். டீசலில் ஊறவைத்துக் கழுவினால் அழுக்குப் போகும், ஆனால் டீசலே ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், அதனால் பிறகு சோப்புத்தூள் கரைத்த வெந்நீர், நன்றாக அலசல், வெயிலில் காயவைத்தல்.

அப்புறம் துரு. சொரசொரப்பான துகள்களைக் காற்றழுத்தத்தில் அடித்துத் துருவை எடுக்கிற சாண்ட் பிளாஸ்டிங்தான் சிறந்தது, சந்தேகமே இல்லை. பொடிக்குப் பிடிமானம் வேண்டும், பிளாஸ்ட் செய்த உலோகம் விரல் நகத்தால் தடவினால் நெருநெரு என்று இருக்கும், அந்தச் சொரசொரப்பு வேறெதிலும் இவ்வளவு சீராக வராது. ஆனால் வீட்டில் இருக்கும் இரண்டு குதிரைத்திறன் கம்ப்ரஸர் பிளாஸ்டிங் கன்னுக்கு ஈடுகொடுக்காது, ஒரு நிமிடம் அடித்தால் பிரஷர் இறங்கிக் காத்திருக்க வேண்டியிருக்கும். எனவே என் யோசனை, பிளாஸ்டிங்கை மட்டும் வெளியே கொடுங்கள், மற்றதை வீட்டில் செய்யுங்கள். வீட்டில்தான் அடிப்பேன் என்றால் ஆற்று மணல் கூடவே கூடாது. அதன் சிலிக்காத் தூள் நுரையீரலில் போய்த் தங்கி சிலிக்கோசிஸ் கொண்டுவரும், அதற்கு மருந்து இல்லை. அலுமினியம் ஆக்சைடு 80 முதல் 120 மெஷ் (துகளின் அளவு) வாங்குங்கள், அல்லது கார்னெட். கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கக் கடற்கரையில் சிவப்பாக மின்னுமே, அந்த மணல்தான் கார்னெட்.

பிளாஸ்டிங் வாய்ப்பே இல்லை என்றால் கிரைண்டரில் கம்பிப் பிரஷ் போட்டுத் துருவை எடுத்துவிட்டு, அதோடு நிறுத்தாமல் 80 நம்பர் உப்புத்தாளால் எல்லாத் திசையிலும் தேய்க்க வேண்டும். கம்பிப் பிரஷ் உலோகத்தைப் பளபளப்பாக்கும், சொரசொரப்பாக்காது. துருக் குழிகளுக்குள் செந்நிறம் மிச்சமிருந்தால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி போடலாம், ஆனால் கழுவி, நடுநிலையாக்கி, உடனே சூட்டில் காயவைக்க வேண்டும். புளி போட்டுத் தேய்ப்பதெல்லாம் குத்துவிளக்கோடு நிற்கட்டும்.

கூர்மையான ஓரங்களை அரத்தால் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள். பொடி உருகும்போது கூர்முனையை விட்டு விலகி ஓடும், அங்கே படலம் மெலிதாகி, துரு அங்கிருந்துதான் திரும்ப ஆரம்பிக்கும். வெல்டிங் தெறிப்புகள், பர்ர் என்கிற ஓரப் பிசிர் எல்லாம் இப்போதே போக வேண்டும், கோட்டிங் எதையும் மறைக்காது, இன்னும் எடுத்துக்காட்டும்.

கடைசித் துடைப்பு அசிட்டோன் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில். புதிய நைட்ரைல் கையுறை, நூல் பிரியாத வெள்ளைத் துணி. துணியின் ஒரு பக்கத்தால் ஒரு தடவை மட்டும், திருப்பித் திருப்பித் தேய்த்தால் அழுக்கை இடம் மாற்றுகிறீர்கள் அவ்வளவுதான். துணியில் கறுப்புத் தடம் வருவது நிற்கும் வரைக்கும் துடையுங்கள். இதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டு, முடியைக் கோதிய கையோடு பிராக்கெட்டைத் தூக்கினால் அந்த விரல் ரேகை கோட்டிங்குக்கு அடியில் குழியாகத் தெரியும். டாஷ்போர்டு பாலிஷ், சிலிக்கோன் ஸ்ப்ரே எல்லாம் அதே அறையில் அடிக்கவே கூடாது, மீன் கண் மாதிரி வட்ட வட்டமாகப் பொடி விலகுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். அசிட்டோன் முழுக்க ஆவியாகும் வரை ஓவன் பக்கம் போகாதீர்கள்.

துடைத்த இரும்பைக் கடலோர ஊரில் ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் லேசாகச் செம்பட்டை பூத்திருக்கும். துடைத்த அன்றே அடித்து, அன்றே சுட்டுவிட வேண்டும்.

வார்ப்புப் பாகங்களுக்கு இன்னொரு படி இருக்கிறது, இதை விட்டுவிட்டுத்தான் நிறையப் பேர் டாப்பெட் கவரைப் பாழாக்குகிறார்கள். வார்ப்பு அலுமினியத்திலும் வார்ப்பிரும்பிலும் நுண்துளைகள் நிறைய, வருஷக்கணக்கான இஞ்சின் ஆயில் அதற்குள் ஊறியிருக்கும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் ஓவனில் சூடானதும் அது வாயுவாக வெளியேறி, உருகிக்கொண்டிருக்கும் கோட்டிங்கில் ஊசி குத்திய மாதிரி துளை போடும். எனவே கோட்டிங் அடிக்கும் முன்பே வெறும் வார்ப்பை 220, 230 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுங்கள், அதாவது பிறகு சுடப்போகிற சூட்டை விட அதிகமாக. வெளியே எடுத்தால் சில இடங்களில் பழுப்பாக எண்ணெய் கசிந்திருப்பது தெரியும். ஆறவிட்டு, துடைத்து, கசிவு அதிகமாக இருந்தால் இன்னொரு முறை. பழைய கவர்களுக்கு இது அலுப்பான வேலைதான், வேறு வழி இல்லை.

மறைக்க வேண்டிய இடங்கள்

படலத்தின் தடிமன் 60 முதல் 80 மைக்ரான் வரும். மரைக்குள் அவ்வளவு ஏறினால் போல்ட் போகாது. சாதாரண மாஸ்கிங் டேப் ஓவனில் கருகி ஒட்டிக்கொள்ளும், அதனால் பச்சை நிறப் பாலியெஸ்டர் டேப்பும், துளைகளுக்குக் கூம்பு வடிவச் சிலிக்கோன் அடைப்பான்களும் வாங்கிக்கொள்ளுங்கள். மரைத் துளைக்கு அதே அளவில் ஒரு பழைய போல்ட்டைத் திருகிவிட்டாலும் வேலை நடக்கும்.

மரையோடு நிறுத்தாதீர்கள். பேரிங், புஷ் உட்காரும் துளைகள், கேஸ்கெட் உட்காரும் முகம், பேட்டரியின் நெகட்டிவ் பட்டை போல்ட் ஆகும் இடம், இஞ்சின் பிளாக்கோடு பிராக்கெட் ஒட்டி உட்காரும் முகம், எல்லாம் வெறும் உலோகமாகவே இருக்க வேண்டும். பட்டை போல்ட் ஆகும் இடத்தில் கோட்டிங் ஏறினால் செல்ஃப் எடுக்காமல் வண்டி நிற்கும், நீங்கள் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடிப்பது

இடம்: காற்று அடிக்காத, ஆனால் மூடிக்கிடக்காத இடம். பெரிய ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, நடுவில் ஒரு இரும்புக் கம்பி குறுக்கே வைத்தால் அதுவே பொடி அடிக்கிற பூத். பிளாஸ்டிக் ஷீட் கட்ட வேண்டாம், அதில் நிலைமின்சாரம் ஏறும். பக்கத்தில் பீடி, சிகரெட், கேஸ் அடுப்பு, சாமி விளக்கு எதுவும் எரியக்கூடாது. சிந்திய பொடியை வீட்டு வாக்குவம் கிளீனரால் இழுக்காதீர்கள், அதன் மோட்டாரில் தீப்பொறி உண்டு, ஈரத்துணிதான் சரி. பொடி தெறிக்கும் வழியில் எக்ஸாஸ்ட் ஃபேனை வைப்பதும் அதே காரணத்தால் தப்பு. முகத்துக்குக் குறைந்தபட்சம் என்-95, கண்ணாடி, முழுக்கைச் சட்டை. பாலியெஸ்டர் பொடிகள் பலவற்றில் டி.ஜி.ஐ.சி. என்ற இறுக்கி இருக்கிறது, மரபணுவுக்குக் கேடு செய்யக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்ட பொருள். அது இல்லாத பொடியும் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பொடி? வெயில் படும் இடத்துக்குப் பாலியெஸ்டர். எபாக்ஸி வெயிலில் சீக்கிரம் வெளிறிச் சுண்ணாம்பு பூத்துவிடும், ஆனால் அமிலமும் எண்ணெயும் தாங்குவதில் அதுதான் கெட்டி. பானெட்டுக்கு அடியில் வெயில் எங்கே வருகிறது? அதனால் பேட்டரி ட்ரேக்கு எபாக்ஸி அல்லது இரண்டும் கலந்த ஹைப்ரிட். கலர் சொல்லும்போது ரால் என்ற நிறப் பட்டியலின் எண்ணில் சொல்லுங்கள், கருப்பென்றால் 9005. முதல் வேலைக்குக் கருப்புதான், மெட்டாலிக் பக்கம் போகாதீர்கள். ஒரு கிலோ வீணாகாமல் ஒட்டினால் பத்துச் சதுர மீட்டருக்கு மேல் வரும், வீட்டில் பாதி கீழே கொட்டும், அப்படியும் ஒரு காருக்கான சின்ன சாமான்களுக்குத் தாராளம்.

கன்னை 15, 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, முதலில் உள்மூலைகள், குழிகள், மடிப்புகள், கடைசியில்தான் தட்டையான வெளிமுகம். உள்மூலையில் பொடி லேசில் போகாது, அதன் இரு பக்கச் சுவர்களிலேயே ஒட்டிக்கொள்ளும். ஃபாரடே கூண்டு என்று சொல்வது இதைத்தான். வோல்டேஜைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள், காற்றையும் குறைத்து, மூலைக்கு நேராக அல்லாமல் சாய்வாக மெதுவாக விடுங்கள். அப்படியும் வரவில்லையா, சாமானை ஓவனில் நூறு டிகிரி வாக்கில் சூடாக்கி எடுத்து அந்த மூலையில் மட்டும் அடித்தால், பொடி பட்டவுடன் இளகி ஒட்டிக்கொள்ளும். இதில் தடிமன் கட்டுக்கு அடங்காது, கொஞ்சமாக.

ஒரே நிறமாக, வெல்வெட் மாதிரி மூடியதும் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் என்று அடித்தால் ஏற்கெனவே ஒட்டிய பொடியே புதுப் பொடியைத் தள்ளிவிடும், மேற்பரப்பில் நட்சத்திரம் நட்சத்திரமாக வெடிப்பு தெரியும். டார்ச் அடித்து ஒவ்வொரு மூலையையும் பாருங்கள், உலோகச் சாம்பல் நிறம் எங்காவது தெரிகிறதா என்று. கை பட்டோ சுவரில் இடித்தோ ஒரு இடம் கலைந்துவிட்டால் கவலையே இல்லை, முழுவதையும் காற்றால் ஊதித் தள்ளிவிட்டு முதலில் இருந்து அடிக்கலாம். பெயிண்டில் இந்த வசதி கிடையாது.

சுடுவது

பொடியின் டேட்டா ஷீட்டில் 200 டிகிரி, 10 நிமிடம் என்றோ 180 டிகிரி, 15 அல்லது 20 நிமிடம் என்றோ இருக்கும். அது உலோகத்தின் சூடு. ஓவன் காற்றின் சூடு கிடையாது. மெல்லிய தகட்டு ட்ரே சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும், கனமான வார்ப்புப் பிராக்கெட் அரை மணி நேரம் கூட எடுக்கும். ஓவன் 200 காட்டியதும் பத்து நிமிடம் எண்ணி வெளியே எடுத்தால் ட்ரே நன்றாக இருக்கும், அதே நேரம் உள்ளே இருந்த பிராக்கெட் பார்க்க மட்டும் நன்றாக இருக்கும். அரைகுறையாக வெந்த கோட்டிங்குக்கும் பளபளப்புக் குறைவிருக்காது, ஸ்பேனர் ஒரு தடவை பட்டதும் சில்லுசில்லாக விழும்போதுதான் தெரியவரும்.

இதற்கு வழி சுலபம். வளையம் வைத்த கே டைப் தெர்மோகப்பிளைச் சாமானின் மறைவான ஒரு போல்ட் துளையில் நட்டுப் போட்டு இறுக்கி, ஒயரை ஓவன் கதவு வழியாக வெளியே எடுத்து மீட்டரில் மாட்டுங்கள். மீட்டர் 200 காட்டும் அந்த நிமிடத்தில் இருந்துதான் கணக்கு. லேசர் தெர்மோமீட்டரைக் கண்ணாடிக் கதவு வழியாக அடித்தால் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும், பளபளக்கும் உலோகத்தில் நேரடியாக அடித்தாலும் குறைத்துத்தான் காட்டும். கனமானதையும் மெல்லியதையும் ஒரே தடவையில் சுடாமல் தனித்தனியாக வைத்துவிடுவது நல்லது.

ஓவனை முன்பே சூடாக்கி வையுங்கள். உள்ளே ஃபேன் இருந்தால் பொடி ஈரமாகப் பளபளக்கும் வரை அதை நிறுத்தி வையுங்கள், உருகாத பொடியை ஊதிவிடும். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தால், மங்கலான மாவுப்பரப்பு முதலில் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளிபுள்ளியாகக் கருத்து, பிறகு சட்டென்று எண்ணெய் தேய்த்த மாதிரி இழைந்து ஓடுவது தெரியும். அது முடிந்ததாக அர்த்தமில்லை, உருகிவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். டேட்டா ஷீட்டில் சொன்ன நேரம் மீட்டர் கணக்குப்படி முழுக்க முடிந்த பிறகு, சூட்டைத் தாங்கும் கையுறையோடு கதவைத் திறந்து, சாமானை எதிலும் படாமல் வெளியே தொங்கவிட்டு, சூடு இருக்கும்போதே டேப்பையும் அடைப்பானையும் இடுக்கியால் உரித்துவிடுங்கள். ஆறிய பிறகு இழுத்தால் ஓரம் பிய்ந்து வரும். ஃபேன் காற்று, தண்ணீர் எதுவும் வேண்டாம், தானாக ஆறட்டும்.

சோதித்துப் பார்த்தல், மாட்டுதல்

ஒவ்வொரு சுடலிலும் அதே தடிமனில் ஒரு துண்டுத் தகட்டையும் அடித்துச் சேர்த்துத் தொங்கவிடுங்கள். சோதனையெல்லாம் அதில். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் முன்னும் பின்னுமாக அழுத்தித் தேயுங்கள். பளபளப்பு லேசாக மங்கினால் பரவாயில்லை, பஞ்சில் நிறம் கொத்தாக வந்தாலோ பரப்பு பிசுபிசுத்தாலோ வேகவில்லை. அதற்காக எதையும் சுரண்ட வேண்டாம், சாமானைத் திரும்ப ஓவனில் வைத்து நேரத்தை முடித்துவிட்டால் போதும். இன்னொன்று, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சதுரங்கள் கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். சதுரம் பெயர்ந்து வந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஓவன் கிடையாது, துடைப்பு.

மொத்தமும் பிடிக்கவில்லை, உரித்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும் என்றால் பெயிண்ட் ரிமூவர்தான், பிளாஸ்டிங்கில் நன்றாக வெந்த கோட்டிங் லேசில் போகாது, துகள்கள் பட்டுத் திரும்பும்.

மாட்டும்போது போல்ட் தலைக்குக் கீழே கட்டாயம் வாஷர். மரைக்குள் எங்காவது பொடி போயிருந்தால் அதே அளவு மரை வெட்டும் டேப்பை (ஒட்டுகிற டேப் இல்லை) ஒரு ஓட்டு ஓட்டிவிடுங்கள். வாஷருக்கு அடியில் இருக்கும் கோட்டிங் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும், போல்ட் தளரும், எனவே சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் ஒரு முறை சரிபாருங்கள். சஸ்பென்ஷன், இஞ்சின் மவுண்டிங் போல்ட்டுகளுக்கு இதைத் தவறவிடக்கூடாது.

மிச்சப் பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி, வீட்டின் குளிர்ச்சியான அறையில் வையுங்கள். முப்பது டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது என்றுதான் பெரும்பாலான டப்பாக்களில் போட்டிருக்கும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே விட்டால் பாறையாகிவிடும், இடித்துச் சலித்தாலும் பழையபடி ஓடாது.